சோலார் பலகை இருந்தும் வேன் பேட்டரி மெதுவாக ஏறுகிறதா? பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கான கேள்வி பதில்

படுக்கை, அடுப்பு, ஐஸ்பெட்டி வைத்து மாற்றிய வேனில் எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி இருக்கும். உள்ளே விளக்கு, விசிறி, ஐஸ்பெட்டிக்கு ஓடுவது இன்னொன்று. கீழே 'வீட்டு பேட்டரி' என்று சொல்வது அந்த இரண்டாவதைத்தான். கணக்குக்கு ஒரு சாதாரண அமைப்பை வைத்துக்கொள்வோம்: கூரையில் 100 வாட் பலகை இரண்டு, 20 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் (பலகையின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் பெட்டி), 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈய பேட்டரி). உங்களுடையது பெரிதென்றால் அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள். புதுப் பலகைக்குப் பணம் எடுக்கும் முன் இரண்டாம் கேள்வியில் உள்ள அளவுகளை எடுத்துவிடுங்கள். பலகை நன்றாக இருந்து, வேறெங்கோ மின்சாரம் தொலைவதுதான் அதிகம்.

1. எவ்வளவு ஏறினால் சரி? எதற்குக் கீழே போனால் மெதுவு?

பலகையில் 100 வாட் என்று எழுதியிருப்பது, அதன் செல்கள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் கிடைத்த அளவு. நம் ஊர் உச்சிவெயிலில் வேன் கூரையில் கிடக்கும் பலகை 60, 65 பாகைக்குச் சூடாகும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.35 முதல் 0.4 விழுக்காடு திறன் குறையும். அதாவது சூட்டிலேயே 15 விழுக்காடு வரை போய்விடுகிறது. ஒயரிலும் கன்ட்ரோலரிலும் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே 200 வாட் பலகை நல்ல வெயிலில் 145 முதல் 160 வாட் தந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். பேட்டரிக்குள் போகும் மின்னோட்டமாகச் சொன்னால் 11 ஆம்பியர் அக்கம்பக்கம். 16 ஆம்பியர் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

முழு நாளுக்கு, தெளிவான வானமாக இருந்தால் சுமார் 45 ஆம்பியர்-மணி கிடைக்கும். பாதி காலியான ஏஜிஎம் பேட்டரியை நிரப்ப, உள்ளே வீணாவதையும் சேர்த்து 58, 60 ஆம்பியர்-மணி தேவை. எனவே ஐஸ்பெட்டியும் விசிறியும் அணைந்திருந்தாலும் ஒரே நாளில் நிரம்பாது. இது பழுதில்லை.

உச்சி வேளையில், பேட்டரி காலியாக இருக்கும்போதும் 7 ஆம்பியருக்குக் கீழே நின்றால், தேடிப் பார்க்க வேண்டிய கோளாறு இருக்கிறது.

2. எதை, எப்போது, எப்படி அளப்பது?

டிசி அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் வேண்டும். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி மட்டுமே அளப்பவை. அவற்றை சோலார் ஒயரில் மாட்டினால் பூச்சியம் காட்டும், பலகை செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். வாங்கும்போதே டிசி ஆம்பியர் உண்டா என்று கேளுங்கள்.

நேரம் முக்கியம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டு, கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. சுங்கை சிப்புட் இருப்பது 101 பாகையில். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, சுமார் 1:15க்கு. மாதத்தைப் பொறுத்து கால் மணி முன்பின் ஆகும். 12:30க்கும் 2 மணிக்கும் இடையில் அளங்கள். காலை 10 மணிக்கு எடுத்த அளவை வைத்துப் பலகையைக் குறை சொல்வது நியாயமாகாது.

பேட்டரியும் காலியாக இருக்க வேண்டும். நிரம்பிய பேட்டரி மின்னோட்டத்தை வாங்காது. பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 1 ஆம்பியர்தான் காட்டும். முந்தின இரவு விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் ஓடவிட்டு, காலையில் ஏஜிஎம் 12.3 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் சோதனைக்கு ஏற்றது. அளக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் உள்ளே ஓடும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது அடுத்தடுத்து நான்கு அளவுகள். கன்ட்ரோலரில் பலகை ஒயர் ஏறும் முனைகளில் வோல்ட். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் முனைகளில் வோல்ட். பேட்டரியின் ஈயக் கொம்புகளிலேயே வோல்ட். அதன்மேல் போட்ட லக்கில் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) வைக்காமல் கொம்பில் மீட்டரின் முள்ளை அழுத்துங்கள். கடைசியாக, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரில் கிளாம்ப் மாட்டி ஆம்பியர். நான்கையும் எழுதிவையுங்கள். இடையில் மேகம் வந்து போனால் மறுபடி முதலிலிருந்து எடுங்கள்.

கன்ட்ரோலர் முனையில் 14.4 (ஏஜிஎம்மை ஏற்றும் உச்ச வோல்ட்), பேட்டரிக் கொம்பில் 13.5 என்று வந்தால் நடுவில் உள்ள ஒயர், பியூஸ், இணைப்பு ஆகியவற்றில் கோளாறு. இரண்டும் 14.4 இருந்து ஆம்பியர் மட்டும் குறைவென்றால், பேட்டரி நிரம்பிவிட்டது அல்லது கிழடாகிவிட்டது. இரண்டும் 12.8 போல் தாழ்ந்திருந்து ஆம்பியரும் குறைவென்றால் பலகைப் பக்கம் தேடுங்கள்: நிழல், அழுக்கு, உடைந்த செல், கூரை இணைப்பு. பலகை முனையில் 19, 20 வோல்ட் நின்று ஆம்பியர் பூச்சியமாக இருந்தால், கன்ட்ரோலர் மின்சாரத்தை இழுக்கவே இல்லை. பியூஸ் போயிருக்கலாம், லித்தியம் பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் மின்சுற்றான காவல் பலகை (பிஎம்எஸ்) வழியை அடைத்திருக்கலாம், கன்ட்ரோலர் சூட்டில் தன்னைக் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

3. கன்ட்ரோலர் 'ஃபுல்' என்று காட்டுகிறது. ஆனால் இரவு பத்து மணிக்கே பேட்டரி படுத்துவிடுகிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். முதல் காரணம், கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்ப்பதில்லை. தன் சொந்த முனையில் உள்ள வோல்ட்டைத்தான் பார்க்கிறது. நடுவில் உள்ள ஒயர் மெல்லியதாக இருந்து 0.9 வோல்ட் தின்றுவிட்டால், பேட்டரி 13.5இல் இருக்கும்போதே கன்ட்ரோலர் 14.4ஐ எட்டிவிட்டதாக எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். குறைந்த மின்னோட்டத்தில் ஒயர் தின்பதும் குறையும்தான். ஆனால் அதற்குள் நல்ல வெயில் நேரம் கடந்துவிடும். சில கன்ட்ரோலர்கள் குறித்த நேரம் முடிந்ததும் ஃபுளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியை அப்படியே தக்கவைக்கும் தாழ்ந்த வோல்ட்) இறங்கிவிடும். நாள்தோறும் இப்படியே நடந்தால் பேட்டரி ஒருநாளும் நிறையாது. நிறையாத ஈய பேட்டரியில் சல்பேட் கெட்டியாகப் படியும். மெல்லிய ஒயர் இப்படித்தான் நல்ல பேட்டரியையும் கொன்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம் அந்தச் சல்பேட் படிந்த பேட்டரிதான். காலை 9 மணிக்கே 14.4 தொட்டு, 10 மணிக்கு ஃபுளோட் ஆகி, மாலையில் இரண்டு விளக்கு போட்டதும் 12க்கு இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டது. உறுதிப்படுத்த, முழுக்க ஏற்றி, பலகையைத் துண்டித்து, நான்கு மணி நேரம் ஆறவிட்டு, 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். அது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போது 11.8 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி ஆகிறது என்று பாருங்கள். நல்ல 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தைத் தாண்டும். ஐந்து மணிக்குள் இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். எவ்வளவு சோலார் ஏற்றினாலும் அது பழையபடி ஆகாது.

ஈய பேட்டரியின் கடைசி 20 விழுக்காடு இயல்பாகவே நான்கு முதல் ஆறு மணி நேரம் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மதியத்துக்குப் பின் ஆம்பியர் மெல்ல இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

4. எந்தத் தடிப்பு ஒயர் போட வேண்டும்?

கணக்கு எளிது. ஒருவழி நீளம் மீட்டரில், அதை 2ஆல் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, 0.0175ஆல் பெருக்கி, ஒயரின் செம்புப் பரப்பால் (சதுர மில்லிமீட்டரில்) வகுத்தால் எத்தனை வோல்ட் தொலையும் என்று வந்துவிடும்.

கன்ட்ரோலரை ஓட்டுநர் பக்கம் மாட்டி, பேட்டரி வண்டியின் பின்புறம் இருந்தால் நீளம் 5 மீட்டர். 15 ஆம்பியர் ஓட்டினால் 2.5 எம்எம் (அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 1.05 வோல்ட் போகும். 6 எம்எம்மில் 0.44, 10 எம்எம்மில் 0.26. கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கொண்டுவந்து 6 எம்எம் போட்டால் 0.09 வோல்ட்தான். ஒயரைத் தடிப்பாக்குவதைவிட கன்ட்ரோலரை இடம் மாற்றுவது மலிவு. நீண்ட தூரம் பலகைப் பக்கம் இருக்கட்டும். அங்கே வோல்ட் அதிகம், இழப்பு அவ்வளவு உறுத்தாது. பலகையைப் பேட்டரியோடு நேராக இணைத்துவிடும் பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலருக்கு மட்டும் இது பொருந்தாது, எட்டாம் கேள்வியைப் பாருங்கள். கன்ட்ரோலர் முனைக்கும் பேட்டரிக் கொம்புக்கும் முழு மின்னோட்டத்தில் 0.15 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

வாங்கும்போது கவனியுங்கள்: அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய ஒயரும் விற்கிறார்கள். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், முறுக்கினால் உடையவும் செய்யும். இன்னொன்று, மேல்தோலையும் சேர்த்த விட்டத்தை வைத்து '6 எம்எம்' என்று சொன்னால் உள்ளே செம்பு அதைவிடக் குறைவு. செம்பின் பரப்பு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

நெகட்டிவ் ஒயருக்குப் பதில் வண்டியின் உடம்பைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த ஒரு போல்ட் போதும், எல்லாவற்றையும் கெடுக்க.

5. ஒயர் தடிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வோல்ட் தொலைகிறது.

அப்படியானால் இணைப்புகளில் தேடுங்கள். நல்ல வெயிலில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் இரு முள்ளையும் பியூஸ் தாங்கியின் இரு பக்கம் வையுங்கள். 10 ஆம்பியரில் 0.3 வோல்ட் காட்டினால் அந்தச் சின்ன இடத்தில் 3 வாட் சூடாகிக்கொண்டிருக்கிறது. தொட்டாலே தெரியும். இப்படியே ஒவ்வொரு லக், ஒவ்வொரு திருகு, பிரேக்கர் என்று நகர்ந்து போங்கள். ஒரு நல்ல இணைப்பில் 0.02 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

அதிகம் மாட்டுவது மூன்று. கண்ணாடிக் குழாய் பியூஸ் தாங்கி: 15 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் பிளாஸ்டிக் உருகி ஸ்பிரிங் தளரும், அதற்குப் பதில் போல்ட் போட்டு இறுக்கும் வகை பியூஸ் வையுங்கள். காடி ஆடியோவுக்கு விற்கும் மலிவான, பொத்தானை அமுக்கி மீட்கும் பிரேக்கர்: உள்ளே தடை அதிகம். இடுக்கியால் நசுக்கிய லக்: சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்தாவிட்டால் சில மாதத்தில் உள்ளே கறுத்துவிடும். வீட்டு ஏசி பிரேக்கரை சோலார் பக்கம் போடவே கூடாது. டிசியில் எழும் தீப்பொறியை அது அணைக்காது.

கூரையில் உள்ள எம்சி4 முனைகளையும் (பலகை ஒயர்களைக் கோக்கும் செருகு முனைகள்) திறந்து பாருங்கள். மழை நீர் புகுந்து பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வேறு வேறு தயாரிப்பு பொருந்துவதுபோல் 'கிளிக்' என்று ஒலித்தாலும் உள்ளே தளர்வாக இருக்கலாம்.

எம்சி4ஐக் கழற்றும் முன் பலகையைத் தடித்த துணியால் மூடுங்கள். மின்னோட்டம் ஓடும்போது இழுத்தால் தீப்பொறி பறக்கும். கன்ட்ரோலரைக் கழற்றும்போது முதலில் பலகை, பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பலகை. மாற்றிச் செய்தால் சில கன்ட்ரோலர்கள் எரிந்துபோகும், இல்லையென்றால் 12 வோல்ட்டை 24 என்று தவறாக எடுத்துக்கொள்ளும்.

6. தோட்டத்துக்குள் நிறுத்தினால் பாதி நிழல்தானே விழுகிறது. பாதியாவது வர வேண்டாமா?

வராது. 100 வாட் பலகையில் 36 செல்கள் ஒரே வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லை ஒரு செம்பனை மட்டையின் நிழல் முழுதாக மூடினால் அந்தச் செல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் தடுக்கும். பெரும்பாலான பலகைகளில் இரண்டு பைபாஸ் டையோடு உண்டு. அவை 18 செல்களை ஒதுக்கிவிட்டு மீதி 18ஐ மட்டும் வேலை செய்ய விடும். மீதி தருவது 9 வோல்ட்டுக்கும் குறைவு. 12 வோல்ட் பேட்டரிக்குள் அது நுழையவே முடியாது. ஆகவே ஒரு கைப்பிடி நிழல் அந்தப் பலகையின் கணக்கை ஏறத்தாழ பூச்சியமாக்கிவிடும்.

இரண்டு பலகையைத் தொடராக இணைத்து எம்பிபிடி கன்ட்ரோலர் (பலகையை அதன் சிறந்த வோல்ட்டில் ஓடவிட்டு, பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் வகை) போட்டிருந்தால், ஒன்றில் பாதி போனாலும் மீதி மூன்று பாதிகளும் சேர்ந்து 20 வோல்ட்டுக்கு மேல் தரும். பேட்டரி ஏறிக்கொண்டே இருக்கும். இணையாகப் போட்டிருந்தால் நிழல் விழுந்த பலகை போகும், மற்றது தன் முழு அளவைத் தரும். நிழல் எந்தப் பலகையில் எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேல். கூரையில் காற்றுவிசிறிப் பெட்டி, கம்பி ரேக், ஆண்டெனா இருந்தால் காலை 9, மதியம் 1, மாலை 4 மணிக்கு ஏறிப் பார்த்து நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லிந்தாங், லாசா சாலைப் பக்கம் தோட்டங்களில் நிறுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பனை ஆண்டு முழுவதும் நிழல் தரும். ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்த்து நிற்கும். வெயில் இறங்கும், ஆனால் காய்ந்த இலை பலகையில் ஒட்டிக்கொள்ளும். பிற்பகலில் இடியோடு மழை வருவது நம் பக்கம் வழக்கமாகையால் காலை வெயில்தான் நம்பத்தகுந்தது. கிழக்கு திறந்திருக்கும் மேட்டில், கோயில் திடலிலோ பந்துத் திடலிலோ நிறுத்துங்கள்.

7. பலகையைச் சாய்த்து வைக்க வேண்டுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

நாம் இருப்பது வடக்கு 5 பாகைக்கு அருகில், சூரியன் தலைக்கு மேல்தான். சாய்வால் பெரிய ஆதாயம் இல்லை. தண்ணீர் வழிந்தோட 5 பாகைச் சாய்வு நல்லது. இல்லையென்றால் சட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் தேங்கி, சேறு காய்ந்து கீழ்வரிசைச் செல்களை மூடும். அங்கே விரலகலக் கறை இருந்தாலும் மேலே சொன்ன நிழல் கணக்குதான்.

செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கும், செம்பனை ஆலைக்கு அருகில் நிற்கும் வண்டிக்கும் மழை மட்டும் போதாது. ஆலைப் புகையின் கரி எண்ணெய்ப் பிசுபிசுப்போடு ஒட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்ட தண்ணீரும் மெத்தென்ற பஞ்சும் போதும். உச்சிவெயிலில் குளிர்ந்த நீரை அடிக்க வேண்டாம். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவைத்துத் துடையுங்கள்.

8. எம்பிபிடி மாற்றினால் இரட்டிப்பாக ஏறும் என்கிறார்களே?

36 செல் பலகைக்கு அப்படி ஏறாது. நம் சூட்டில் அந்தப் பலகையின் சிறந்த வோல்ட் 18இலிருந்து 15 அளவுக்கு இறங்கிவிடுவதால் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வீணாக்குவதும் குறைவு. காலி பேட்டரியில் எம்பிபிடி 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகத் தரும், நிரம்பும் கட்டத்தில் அதுவும் இல்லை. ஆனால் பிடபிள்யூஎம்மில் வேறு ஒரு சிக்கல் உண்டு: பலகையிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் ஒயர் அரை வோல்ட் தின்றால், 14.4க்கு ஏற்ற மேலே இடமே இருக்காது. இரண்டு பலகையைத் தொடராக்கி எம்பிபிடி போட்டால் இந்தத் தொல்லை தீரும். அப்போது திறந்த சுற்று வோல்ட் (எதுவும் இணைக்காதபோது பலகை காட்டுவது) 44 வரும், 75 அல்லது 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் வேண்டும்.

வீட்டுக் கூரைக்கான 300 வாட்டுக்கு மேற்பட்ட பலகையை பிடபிள்யூஎம்மில் மாட்டியிருந்தால் கதை வேறு. அதன் வோல்ட் 31க்கு மேல். பாதிக்கு மேல் வீணாகிறது. அங்கே எம்பிபிடி உண்மையிலேயே இரட்டிப்பாக்கும்.

பெட்டியில் 'எம்பிபிடி' என்று அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பதும் நடக்கிறது. காலி பேட்டரியோடு வெயிலில் ஓடும்போது பலகை முனையில் அளங்கள். பேட்டரி 12.8 இருக்க, பலகையும் 13 என்று ஒட்டியே நின்றால் அது பிடபிள்யூஎம். பலகை 15, 16 என்று தனியே நின்றால்தான் எம்பிபிடி. விக்ட்ரான் நிறுவனத்தினுடையவை போன்ற எம்பிபிடிகள் வேலையைத் தொடங்க, பலகை வோல்ட் பேட்டரியைவிட 5 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும் என்பதால், சூடான ஒற்றைப் பலகையோடு காலையிலும் மேகத்திலும் அவை தாமதமாக எழும். அதற்கும் தொடர் இணைப்புதான் மருந்து.

9. 300 வாட் என்று வாங்கினேன், 6 ஆம்பியர்தான் வருகிறது.

டேப் எடுத்து நீளத்தையும் அகலத்தையும் அளங்கள். ஒரு சதுர மீட்டர் பலகை, 20 விழுக்காடு செயல்திறனில் 200 வாட் தரும். அரை சதுர மீட்டர் பலகை 300 வாட் தரவே முடியாது. அது 100 வாட் பலகை. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள், சோதனை தேவையில்லை.

அளவு பொருந்தினால், பலகையைத் தனியாகக் கழற்றி, வெயிலில் நேராக 10 ஆம்பியர் துளையில் மீட்டரை மாட்டி மின்னோட்டம் பாருங்கள். 100 வாட் பலகை 5 ஆம்பியர் சுற்றித் தர வேண்டும். இணையாக உள்ள இரண்டையும் சேர்த்து அளந்தால் மீட்டரின் பியூஸ் போகலாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். திறந்த சுற்று வோல்ட் சூட்டில் 19, 20 வந்தால் இயல்பு. 10 பக்கம் வந்தால் ஒரு பைபாஸ் டையோடு ஷார்ட் ஆகியிருக்கும். பின்பெட்டி மூடித் திறக்கும் வகையென்றால் அதே அளவு ஷாட்கி டையோடு போட்டு மீட்கலாம். வோல்ட் சரியாக இருப்பதால் மட்டும் பலகை நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். விரிசல் விழுந்த செல்லும் வோல்ட் காட்டும், மின்னோட்டம்தான் உண்மையைச் சொல்லும்.

வளையும் பலகையைக் கூரையில் பசையால் ஒட்டியிருந்தால் சூடு வெளியேற வழி இல்லை; செல்லில் விரிசலும் சீக்கிரம் வரும். கண்ணாடிப் பலகையை 3, 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தூக்கி வைப்பதே நம் ஊருக்கு ஏற்றது.

10. லித்தியம் பேட்டரிக்கு மாறியபின் சட்டென்று ஏறுவது நின்றுவிடுகிறது.

கன்ட்ரோலரின் அமைப்பை முதலில் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.4 வோல்ட், ஃபுளோட் 13.5. ஈக்குவலைஸ் (ஈய பேட்டரிக்காக வோல்ட்டைக் கூட்டி ஏற்றும் கட்டம்) அணைந்திருக்க வேண்டும். சூட்டுக்கேற்ற வோல்ட் திருத்தமும் அணைந்திருக்க வேண்டும். ஏஜிஎம்முக்கு அந்தத் திருத்தம் தேவை: 40 பாகை சூட்டில் 14.4 என்பது 14.0 பக்கம் இறங்கும், அது சரியே. லித்தியத்துக்கு அதே இறக்கம் வந்தால் நிறையாமல் நிற்கும்.

அமைப்பு சரியாக இருந்தும், வோல்ட் திடீரென்று மேலே துள்ளி ஆம்பியர் பூச்சியமானால் உள்ளே நான்கு செல்களில் ஒன்று மட்டும் முந்தி 3.65 வோல்ட்டைத் தொட்டுவிட்டது, காவல் பலகை வழியை அடைத்துவிட்டது என்று பொருள். ஏற்றும் வோல்ட்டை 14.0க்கு இறக்கி, பல நாள் வெயிலில் நிதானமாக ஏற்றுங்கள். செல்கள் சமமாக வர நேரம் எடுக்கும். பேட்டரியைச் சூடான இருக்கைப் பெட்டியில் அடைத்திருந்தாலும் இதே அடைப்பு வரும், காற்றோட்டம் கொடுங்கள். குளிரில் ஏறாது என்ற எச்சரிக்கை பூச்சியம் பாகைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு. கேமரன் மலைக்குப் போனாலும் அந்தக் கவலை வேண்டாம்.

11. பேட்டரி மானிட்டர் 'ஏறவில்லை' என்கிறது, கன்ட்ரோலர் 'ஏறுகிறது' என்கிறது. எதை நம்புவது?

கிளாம்ப் மீட்டரை நம்புங்கள். மானிட்டரின் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் உலோகப் பட்டை) நெகட்டிவ் ஒயரில் இருக்கும். கன்ட்ரோலரின் நெகட்டிவை ஷன்டைத் தாண்டி நேராகப் பேட்டரிக் கொம்பில் மாட்டியிருந்தால் சோலாரில் ஏறுவது எதுவும் கணக்கில் வராது. செலவு மட்டும் கழியும். பேட்டரியின் நெகட்டிவ் கொம்பில் ஷன்டுக்குப் போகும் ஒயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற எல்லா நெகட்டிவும் ஷன்டின் மறுபக்கம்.

12. பலகை, ஒயர், பேட்டரி எல்லாம் சரி. ஆனாலும் மாலையில் நிறைவதில்லை.

செலவைக் கூட்டிப் பாருங்கள். 45 வாட் கம்ப்ரஸர் ஐஸ்பெட்டி நம் சூட்டில் பாதி நேரம் ஓடினால் 43 ஆம்பியர்-மணி. விசிறி எட்டு மணி நேரம் 16. விளக்கும் போனும் 7. எதுவும் மாட்டாமலே 'ஆன்' செய்து வைத்த இன்வர்ட்டர் 0.8 ஆம்பியர் தின்றால் நாளுக்கு 19. மொத்தம் 85. வருவதோ 45. இதில் எந்தப் பழுதும் இல்லை, கணக்கு உதைக்கிறது. இன்வர்ட்டரை அணைப்பதுதான் செலவில்லாத முதல் வைத்தியம். அடுத்தது ஐஸ்பெட்டியின் பின்னே காற்றுப் போக வழி. அதன்பிறகுதான் மூன்றாவது பலகை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் தானியங்கி ரிலே, இருபுறமும் வோல்ட் பார்க்கும் வகையாக இருந்தால், சோலாரால் வீட்டு பேட்டரி 13.3 தொட்டதும் எஞ்சின் பேட்டரியையும் இணைத்துவிடும். எஞ்சின் பேட்டரி கிழடாக இருந்தால் உங்கள் சோலார் அங்கே போய்க்கொண்டிருக்கும். ரிலேக்குப் போகும் ஒயரில் கிளாம்ப் மாட்டினால் தெரிந்துவிடும்.

13. மழைக்காலத்தில் என்ன செய்வது?

தைப்பூச சமயம் பேராக்கில் வானம் ஓரளவு தெளிந்திருக்கும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் மழை மிகுதி. கனத்த மேகத்தில் பலகை தன் அளவில் பத்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்றுதான் தரும். ஆண்டின் நடுவில் புகைமூட்டம் வந்தாலும் குறையும். டிசம்பரில் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் சோலாரை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்பியர் ஒன்று வைத்தால், ஈப்போவுக்குப் போகும் அரை மணி ஓட்டத்தில் 15 ஆம்பியர்-மணி சேரும். புதிய வகை ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் வெறும் ரிலே போதாது, டிசி-டிசிதான் சரி. வீட்டில் நிறுத்தும் நாளில் மூன்று கட்டமாக ஏற்றும் மின்சார சார்ஜரில் ஓர் இரவு முழுக்க மாட்டிவிடுங்கள். ஈய பேட்டரி மாதம் இரண்டு முறையாவது முழுசாக நிறைந்தால் சல்பேட் கெட்டிப்படாது.

14. எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லை. எதை முதலில்?

டிசி கிளாம்ப் மீட்டர். அடுத்து, கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகில் நகர்த்தி 6 எம்எம் செம்பு ஒயரும், பேட்டரியிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் 25 அல்லது 30 ஆம்பியர் போல்ட் பியூஸும். பிறகு எம்சி4 முனைகள். பேட்டரி சோதனையில் தோற்றால் பேட்டரி. இவ்வளவும் முடிந்து, மதியம் 1 மணிக்கு எடுத்த நான்கு அளவும் சரியாக வந்து, செலவுக் கணக்கு இன்னும் வரவை மிஞ்சினால் புதுப் பலகை வாங்குங்கள். அப்போது கூரையில் எத்தனை சதுர மீட்டர் இடம் நிழலில்லாமல் இருக்கிறது என்று அளந்துகொண்டே கடைக்குப் போங்கள்.